ஹாலிவுட் வேலை, உள்ளூர்க் கையெழுத்து

காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூர். இரண்டு ஊர்களிலும் ஹாலிவுட் படங்களுக்கு வேலை செய்யும் விஎஃப்எக்ஸ் (கணினியில் காட்சி ஜாலம் செய்யும்) ஸ்டூடியோக்கள் உண்டு. வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பன்னிரண்டாவது முடித்து, ஒரு அனிமேஷன் கோர்ஸில் சேர்ந்து, அப்புறம் அங்கே வேலைக்குப் போகிறார்கள். தொழிலாளர் வழக்குகளும் ஒப்பந்த வழக்குகளும் நடத்தும் வக்கீல் நான். இந்தப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் என் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் தகராறு முற்றியிருக்கும். கையெழுத்துப் போடும் முன்பே பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் சினிமாவுக்கும் ஹாலிவுட்டுக்கும் உள்ள தொடர்பு என்றதும் நமக்கு ஆஸ்கர் மேடைதான் நினைவுக்கு வரும். 2009-ல் ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு விருதுகள், 2023-ல் ‘நாட்டு நாட்டு’. பழைய ரசிகர்கள் எல்லிஸ் ஆர். டங்கனையும் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து, எம்.ஜி.ஆர். அறிமுகமான ‘சதி லீலாவதி’யை 1936-ல் இயக்கியவர் அவர். ஆனால் இன்றைக்கு இந்த உறவின் பெரும்பகுதி நடப்பது கணினித் திரைகளின் முன்னால்தான். லண்டனின் விஎஃப்எக்ஸ் நிறுவனமான டபுள் நெகட்டிவ், 2014-ல் மும்பையின் பிரைம் ஃபோகஸ் விஎஃப்எக்ஸ் பிரிவோடு இணைந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய விஎஃப்எக்ஸ் நிறுவனமான ஐஎல்எம், 2022-ல் மும்பையில் ஸ்டூடியோ அமைத்தது.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ரோட்டோ வேலை. ஷாட்டில் ஓடிவரும் ஆளைச் சுற்றிக் கோடு போட்டுப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். பறக்கும் தலைமுடி, விரல் இடுக்கு, வேகத்தில் கலங்கித் தெரியும் கை என்று எல்லாவற்றையும் ஃபிரேம் ஃபிரேமாகச் சரிபார்க்க வேண்டும். ஷாட் அப்ரூவ் ஆகாவிட்டால் திரும்பி வரும். மறுபடி முதலிலிருந்து. பொறுமையும் கூர்மையான கண்ணும் தேவைப்படும் நல்ல தொழில் இது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இதன் பொருளாதாரம் நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆம்பூரில் வெளிநாட்டு பிராண்டுக்கு ஷூ தைத்துக் கொடுப்பது போலத்தான் இதுவும்: ஆர்டர் அங்கே, கை இங்கே. அங்கே ஆர்டர் குறைந்தால் இங்கே ஷிஃப்ட் குறையும். ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க விஎஃப்எக்ஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் ஸ்டூடியோ இருந்தது. பாண்டிச்சேரியிலும் படமான ‘லைஃப் ஆஃப் பை’க்காக அவர்கள் 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கினார்கள். அதே மாதம், விருதுக்குச் சில நாள் முன்புதான் திவால் மனுவும் போட்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் படத்துக்கு இவ்வளவு என்று முன்பே தொகை பேசி முடித்துவிடுகிறார்கள். அதற்குமேல் வரும் திருத்தங்களின் சுமை விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோ தலையில் விழுகிறது. 2023-ல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தபோது இங்கேயும் வேலை வரத்து குறைந்தது. 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் நொடித்தபோது பெங்களூர் ஊழியர்களுக்கும் வேலை போனது.

இப்படி ஒரு நாள் வந்தால் கைகொடுக்கப் போவது படத்தின் பெயரோ அமெரிக்க ஸ்டூடியோவின் பெயரோ அல்ல. உங்களிடம் கையெழுத்து வாங்கியது உள்ளூர்க் கம்பெனி. சம்பளப் பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அந்தக் கம்பெனிதான்.

குடியாத்தத்துத் தறிக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். “வக்கீல் சார், இங்கிலீஷ் படத்துக்கு வேலை செய்யறான், மூணு மாசமா சம்பளம் வரலை” என்றார். பணி நியமனக் கடிதத்தைப் படித்தேன். பையன் விலகினால் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கம்பெனி நிறுத்தினால், பிராஜெக்ட் முடிந்ததும் உடனடியாக. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: எந்த வழக்கானாலும் மும்பை நீதிமன்றங்களில் மட்டுமே. வேலை செய்தது சென்னையில், வீடு குடியாத்தத்தில். பையன் அந்த வரியைப் படித்ததே இல்லை.

இந்த வரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு தனியார் வங்கியின் ஊழியர்கள் தொடர்ந்த வழக்கில், இப்படி எழுதியிருந்தால் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே சேரும் முன்பே, “வேலை செய்யும் ஊரின் நீதிமன்றம்” என்று மாற்றித் தரக் கேளுங்கள். எல்லா இடத்திலும் மாற்ற மாட்டார்கள். கேட்டதற்காக வேலை தராத கம்பெனியை நான் பார்த்ததில்லை.

பாண்டு, அதாவது இத்தனை ஆண்டுக்கு முன் விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று எழுதிக்கொடுக்கும் விஷயத்தில் இரண்டு தப்பான நம்பிக்கைகள் ஊரில் ஓடுகின்றன. ‘பாண்டு எதுவும் கோர்ட்டில் நிற்காது’ என்பது ஒன்று. 2025 மே மாதம், மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மற்றொன்று, ‘எழுதிய தொகை முழுவதையும் கட்டியே ஆக வேண்டும்’ என்ற பயம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. பயிற்சிக்கு என்ன செலவு செய்தார்கள் என்ற கேள்வி அங்கே வரும். வேலையை விட்ட பிறகு போட்டி ஸ்டூடியோவில் சேரக் கூடாது என்ற நிபந்தனை வேறு. 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அதைத் திரும்ப வாங்க ஒரு பிள்ளை மாதக்கணக்கில் அலைவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம், அவ்வளவுதான்.

பிஎஃப் பிடித்தம் சம்பளச் சீட்டில் இருந்தால் மட்டும் போதாது. யுஏஎன் எனப்படும் உங்கள் பிஎஃப் கணக்கு அடையாள எண்ணை வாங்கி, பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். பிஎஃப் கட்டாமல் விடுவது கம்பெனி தள்ளாடுவதற்கான முதல் அறிகுறி என்பது என் அனுபவம். வேலை போனாலோ, நீங்களே விலகினாலோ, இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. கடிதம் எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள். ராஜினாமாவை வாட்ஸ்அப்பில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

வேலை ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. வெளிவராத படத்தின் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை இன்ஸ்டாகிராமில் போட்டால்கூட வேலை போகும், வழக்கும் வரும். அதில் ஸ்டூடியோ பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த வேலைக்கு ஷோரீல் (செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் வீடியோ) வேண்டுமே. படம் வெளியான பிறகு எந்த ஷாட்டை, எப்போது ஷோரீலில் வைக்கலாம் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

‘ஹாலிவுட் படத்தில் நடிக்க சான்ஸ்’ என்று சொல்லி போர்ட்ஃபோலியோ கட்டணம், விசா கட்டணம் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். ‘வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்து ஏமாற்றிய பயிற்சி மையத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. விளம்பர நோட்டீஸையும் கட்டண ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

எழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் நம் பதிப்புரிமைச் சட்டம் நல்ல பாதுகாப்பு தருகிறது. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அதனால்தான் வெளிநாட்டு ஒப்பந்தங்களில் ‘பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்று எழுதுகிறார்கள். வழக்கை அமெரிக்கச் சட்டப்படி தீர்ப்பது என்ற வரியும் சேர்ந்துவிட்டால், நம் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவது மிகவும் கஷ்டம்.

ஹாலிவுட் படங்களுக்குத் தமிழில் டப்பிங் பேசுகிறவர்கள் இப்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2023 போராட்டத்தின் முடிவில், டிஜிட்டல் நகல் எடுப்பதற்குச் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்று அமெரிக்க நடிகர்கள் எழுதி வாங்கினார்கள். அது அவர்கள் சங்கத்துக்கும் அங்குள்ள தயாரிப்பாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். சென்னை ஸ்டூடியோவில் பேசும் உங்களை அது காக்காது. ‘இந்தக் குரல் பதிவை இந்தப் படத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம்; செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கவோ, என் குரலைப் போல வேறு குரல் உருவாக்கவோ என் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்’ என்று உங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அச்சடித்த படிவம், மாற்ற முடியாது என்பார்கள். பேனாவால் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் அதுவும் செல்லும்.