அரைகுறையாக மிதந்த கல்

காந்தம் ஒன்றின் மேல் கறுத்த சின்னக் கல். ஒரு முனை காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, மறுமுனை அந்தரத்தில் தூக்கி நிற்கிறது. தட்டினால் ஆடுகிறது, விழவில்லை. 2023 ஜூலைக் கடைசியில் இந்தச் சின்ன வீடியோவை இயற்பியல் பேராசிரியர்களும் பார்த்தார்கள், இயற்பியலைப் பள்ளியோடு தலைமுழுகியவர்களும் பார்த்தார்கள். எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்தது, 'உலகம் மாறப்போகிறது' என்ற குறிப்போடு.

கல்லின் பெயர் எல்கே-99. தென்கொரியத் தலைநகர் சோலில் லீ சுக்-பே, கிம் ஜி-ஹூன் என்ற இருவர் 1999-இல் தொட்ட பொருள் என்பதால் அந்தப் பெயர். ஜூலை 22 அன்று அவர்களது குழு ஆர்கைவ் தளத்தில் கட்டுரைகளை ஏற்றியது. ஆர்கைவில் சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே கட்டுரையைப் போடலாம். அவர்கள் சொன்னது இதுதான்: இந்தக் கல் சாதாரணக் காற்றழுத்தத்தில், 127 டிகிரி செல்சியஸ் வரைகூட மீக்கடத்தி.

மீக்கடத்தி என்றால் மின்தடை துளியும் இல்லாத பொருள். 1911-இல் டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் இதைக் கண்டபோது, அதை மைனஸ் 269 டிகிரி வரை குளிர்விக்க வேண்டியிருந்தது. இன்றும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குத் திரவ ஹீலியம் தேவைப்படுவது இதனால்தான். கொதிநீரின் சூட்டிலும் வேலை செய்யும் மீக்கடத்தி உண்மையிலேயே கிடைத்தால், மின்கம்பியில் வழியிலேயே வீணாகும் மின்சாரம் மிச்சமாகும். ஆசை யாரை விட்டது?

இதுபோன்ற அறிவிப்புகள் இதற்கு முன்பும் வந்து, துறைக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கின்றன. இது ஏன் ஊரெல்லாம் பரவியது? முதல் காரணம் சமையல் குறிப்பு. ஈய ஆக்சைடையும் ஈய சல்ஃபேட்டையும் கலந்து 725 டிகிரியில் ஒரு நாள் சுட வேண்டும். செம்பையும் பாஸ்பரஸையும் தனியாகச் சுட வேண்டும். பிறகு இரண்டையும் அரைத்து, காற்றில்லாத குழாயில் அடைத்து, 925 டிகிரியில் சில மணி நேரம் வைக்க வேண்டும். அவ்வளவுதான். உலை இருந்தால் யாரும் செய்து பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ மெக்காலிப் என்ற பொறியாளர், தான் செய்ததை ட்விட்ச் என்ற வீடியோ தளத்தில் நேரலையாகவே ஓட்டினார். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் ஆட்கள் அடுப்பின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

இன்னொரு காரணம் வீடியோ. மீக்கடத்திக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. மின்தடை பூஜ்யமாவது ஒன்று, காந்தப்புலத்தைத் தன்னுள் விடாமல் வெளியே தள்ளுவது மற்றொன்று. முதலாவதைக் காட்ட வரைபடம் வேண்டும், அச்சில் என்ன அலகு என்று பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டாவதைக் காட்டக் காந்தம் போதும், கல் மிதக்கும், பார்க்கிறவர் வாய் பிளப்பார். சமூக வலைத்தளம் எதைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று சொல்லவே வேண்டாம். சீனாவில் ஹுவாஜோங் பல்கலைக்கழகக் குழு பிலிபிலி என்ற அந்நாட்டு வீடியோ தளத்தில் ஏற்றியதும் தூக்கி நிற்கும் ஒரு துகளின் வீடியோதான்.

சிக்கல் என்னவென்றால், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த சான்றுதான் இருப்பதிலேயே பலவீனமானது. வீட்டில் காந்தத்தின் மேல் ஒரு குண்டூசியை வைத்துப் பாருங்கள். ஒரு முனை ஒட்டிக்கொள்ள, ஊசி செங்குத்தாக எழுந்து நிற்கும். இரும்புத்தன்மை கொஞ்சம் கலந்த கல்லும் அப்படித்தான் ஒரு ஓரம் ஒட்டி, மறு ஓரம் எழும். முன்பு ஹார்வர்டில் ஆய்வு செய்த டெரிக் வான் கெனப், கிராஃபைட் துகள்களை அழுத்தி ஒரு வில்லை செய்து, அதில் இரும்புத்தூளை ஒட்டி அதே நடனத்தை ஆடவைத்து வீடியோ போட்டார். கொரிய வீடியோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மின்தடைக் கதை இதைவிட ருசியானது. கொரியர்களின் அளவீட்டில் 104 டிகிரியை ஒட்டி மின்தடை சடாரென்று பத்தில் ஒரு பங்காக விழுந்தது. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் கண்ணில் அந்த எண் உறுத்தியது, ஏனென்றால் அவர் காப்பர் சல்ஃபைடை ஆராய்ந்தவர். அது சரியாக அந்தச் சூட்டில்தான் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், மின்தடையும் குதிக்கும். சமையல் குறிப்பில் செம்பு இருக்கிறது, சல்ஃபேட்டில் கந்தகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் காப்பர் சல்ஃபைடு தவிர வேறென்ன மிஞ்சும்? மீக்கடத்தி என்று கொண்டாடியது கல்லுக்குள் இருந்த அழுக்கை. பெய்ஜிங் இயற்பியல் நிறுவனத்தார் காப்பர் சல்ஃபைடைத் தனியே அளந்து இதை உறுதி செய்தார்கள்.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அவானா என்ற ஆய்வாளரின் குழு முதல் வாரத்திலேயே கல்லைச் சுட்டு, மிதக்கவில்லை, மீக்கடத்தியும் இல்லை என்று சொல்லிவிட்டது. அவர் அதை ஃபேஸ்புக்கிலும் எழுதினார். அதே நேரத்தில் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தின் ஷினேட் கிரிஃபின் இந்தக் கல்லைப் பற்றி ஒரு கணினிக் கணக்கீட்டை வெளியிட்டார். கூடவே, இனிப் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் ஒபாமா மைக்கைக் கீழே போடும் சின்ன அசைபடத்தையும் ட்விட்டரில் போட்டார். கட்டுரையைப் படிக்காதவர்களும் அசைபடத்தைப் படித்துவிட்டார்கள், 'நிரூபணமாகிவிட்டது' என்று. தன் கட்டுரை மீக்கடத்துதலை நிரூபிக்கவில்லை என்று அவரே பிறகு எழுத வேண்டியிருந்தது. அதற்குள் மீக்கடத்தி என்ற சொல்லோடு தொடர்புள்ள நிறுவனங்களின் பங்குகள் ஏறி இறங்கின.

மூன்றே வாரத்தில் உண்மை வெளிவந்தது, இதுதான் புதிய அறிவியல் என்று பலர் மெச்சினார்கள். எனக்குப் பாதிதான் ஒப்புதல். பத்திரிகை மதிப்பாய்வுக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கும், 104 என்ற எண் அதைத் தெரிந்த ஆளின் கண்ணில் படாமலேயேகூடப் போயிருக்கலாம். கூச்சல்தான் அதை அவர் வரை கொண்டுபோனது, அந்தப் புண்ணியம் வலைத்தளத்துக்கு உண்டு. ஆனால் பதில் வந்தது பழைய ஆய்வுகளிலிருந்தும், உலை முன்னால் உட்கார்ந்தவர்களிடமிருந்தும். லைக் போட்டவர்களிடமிருந்து இல்லை.

ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கந்தகமே படாத வேறு வழியில் எல்கே-99-ஐத் தூய படிகமாக வளர்த்தார்கள். ஊதா நிறத்தில், கண்ணாடிபோல் ஒளி புகும் படிகம். மின்தடை பத்து லட்சம் ஓம் கணக்கில், அதாவது மின்சாரத்தையே கடத்தாத பொருள். அரைகுறையாக மிதப்பதற்குத் தேவையான காந்தத்தன்மைகூட அதில் இல்லை.