பிள்ளையை இல்லத்தில் விடுவதற்கு முன்பும் விட்ட பின்பும்: வேலூர் குடும்பங்கள் அறிய வேண்டிய சட்ட உரிமைகள்

அப்பா இறந்துவிட்டார். அம்மா பீடி சுற்றி மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். "ஒன்றையாவது கொண்டுபோய் ஹாஸ்டலில் விடு, சோறும் படிப்பும் கிடைக்கும்" என்று தெருவில் ஒருவர் யோசனை சொல்கிறார். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்தில் புதிதல்லாத யோசனை இது. நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனாலும் அந்த அம்மா கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் இல்லம் என்பது வேறு எந்த வழியும் இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவு. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டுதலும் சொல்கிறது. பணம்தான் குறை என்றால், அந்தப் பணத்தை வீட்டுக்கே தரத் திட்டம் இருக்கிறது.

அதன் பெயர் நிதி ஆதரவுத் திட்டம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கணவரை இழந்த அல்லது கணவரால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், தாய் தந்தை இல்லாமல் பாட்டி, சித்தி, மாமா வீட்டில் வளரும் பிள்ளைகள், பெற்றோர் கடும் நோயில் விழுந்த பிள்ளைகள் ஆகியோர் இதற்குள் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. விண்ணப்பம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, ஒப்புதல் குழுவின் முன் வைப்பார்கள். பிள்ளை தொடர்ந்து பள்ளிக்குப் போக வேண்டும். இல்லத்தில் சேர்த்துவிட்டால் இந்தத் தொகை நின்றுவிடும்.

விண்ணப்பம் பெரும்பாலும் காகிதத்தில்தான் மாட்டிக்கொள்ளும். அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று போதும். வீட்டை விட்டுப் போய் வருடக்கணக்கில் திரும்பாதவர் என்றால் என்ன செய்வது? அம்மா "கணவரால் கைவிடப்பட்டவர்" என்ற வருவாய்த் துறைச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை பாட்டியிடம் இருந்தும் ரேஷன் கார்டில் பெயர் இன்னும் அப்பா வீட்டிலேயே இருந்தால், யார் பராமரிப்பில் இருக்கிறது என்ற கேள்வி எழும், பெயரை மாற்றிவிடுங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இதனுடன் பிறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, பாஸ்புக் நகல் என எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தையும் விசாரியுங்கள். இரு பெற்றோரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் இருப்பவர்களுக்கும் 18 வயது வரை பள்ளிப்படிப்பைத் தொடர மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள்.

எந்த மாவட்ட அலுவலகம் என்பதில் இன்னும் குழப்பம் உண்டு. பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு வந்து ஒரு நாள் கூலியை இழந்து திரும்பாதீர்கள்.

ஆர்டர் இல்லாமல் எந்தப் பிள்ளையும் இல்லத்தில் இருக்கக்கூடாது

வீட்டில் வைத்துக்கொள்ளவே முடியாத நிலை வருவதும் உண்டு. அப்போது இல்லத்தின் கதவை நேராகத் தட்டக்கூடாது. பிள்ளை முதலில் குழந்தைகள் நலக் குழுவின் முன் வர வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். காட்பாடி ஜங்ஷனில் தனியாக நிற்கும் பிள்ளையாக இருந்தாலும், சிகிச்சைக்கு வந்த இடத்தில் உறவினரைத் தொலைத்த வடமாநிலப் பிள்ளையாக இருந்தாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். போலீஸ், மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் யாரும் அழைத்து வரலாம். பிள்ளை தானாகவும் வரலாம். குழு கூடாத நேரத்தில் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும். தமிழ் தெரியாத பிள்ளையென்றால் அதன் மொழி தெரிந்தவரை வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். சைகையில் கேட்டு எழுதிய ஊர்ப்பெயர் தப்பாகிவிட்டால், பிள்ளை வீடு திரும்ப மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

தனியாக விடப்பட்ட பிள்ளையைப் பார்த்தும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாமல் இருப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் செய்தால் உங்கள் கடமை நிறைவேறியது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

குழுவின் முன் வந்த பிறகு, நன்னடத்தை அலுவலரோ சமூகப் பணியாளரோ 15 நாளில் சமூக விசாரணை அறிக்கையை முடிக்க வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள், திருப்பி அனுப்பினால் பாதுகாப்பா, நிதி ஆதரவு கொடுத்தால் போதுமா என்பதெல்லாம் அதில் வரும். நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அந்த ஆர்டர் காப்பியைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவில் உடன்பாடு இல்லையென்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு (பிள்ளையை வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர்ப்பது), பிற்காப்பு (18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறியபின் தரும் உதவி) பற்றிய முடிவென்றால் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். கையில் காப்பி இல்லாமல் இந்த 30 நாள் ஓடிவிடுவதுதான் ஏழைக் குடும்பங்களுக்கு நேரும் பெரிய இழப்பு.

வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளையைச் சேர்க்கும் இடம் எதுவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி எல்லாம் வேறு. அவை படிக்கும் பிள்ளைகள் தங்கி, விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் இடங்கள். ஆதரவற்ற பிள்ளைகளைத் தங்க வைக்கும் இடம் தன்னை ஹாஸ்டல் என்று அழைத்துக்கொண்டாலும் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். சான்றிதழைக் காட்டச் சொல்லி, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

பெற்றெடுத்த பிள்ளையை வளர்க்கவே முடியாது என்று ஒப்படைக்கும் தாய்க்கும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குள் வந்து கேட்டால் பிள்ளையைத் திரும்பப் பெறலாம். இதை அவரிடம் யாராவது நிதானமாக எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் "நல்ல இடம் இருக்கிறது" என்று பேசுபவர் வழியாகக் கைமாறுவது தத்து ஆகாது. அதில் பணம் புழங்கினால் பிள்ளையை விற்ற குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. அதில் மருத்துவமனை ஊழியருக்குப் பங்கிருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு.

இல்லத்துக்குள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். ஐம்பது பேருக்கும் ஒரே வாசகம் என்றால் அது திட்டமே ஆகாது. உடல்நலம், படிப்பு, மனநிலை, வீட்டோடு உள்ள தொடர்பு, எப்போது வீடு திரும்பலாம் என்பது வரை அதில் இருக்க வேண்டும். பிள்ளையைக் கேட்டே எழுத வேண்டும். அண்ணன் தங்கையை, பிரிப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்ற நிலை இருந்தாலொழிய, சேர்ந்தே வைக்க முயல வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. "ஆண் பிள்ளை ஒரு ஊர், பெண் பிள்ளை வேறு ஊர்" என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

படுக்கும் அறையில் ஆளுக்கு 40 சதுர அடி, ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்று விதிகள் அளவு சொல்கின்றன. போய்ப் பார்க்கும்போது எண்ணிப் பாருங்கள். புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது அலுவலக அறையைத் தள்ளி, பிள்ளைகள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்கும். வாரம் ஒருமுறை பிள்ளைகள் குழுவின் முன்னிலையில் திறக்க வேண்டும். வார்டனிடமே சாவி இருந்தால் அந்தப் பெட்டியில் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்?

அடிப்பது ஒழுக்கம் கற்பிப்பதாகாது. இல்லத்தில் அடித்துத் தண்டிப்பதை 82-ஆம் பிரிவு தடுக்கிறது. பொறுப்பில் உள்ளவரே கொடுமை செய்தால் 75-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும், ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. நலக் குழு மாதம் இரண்டு முறையாவது இல்லங்களைப் பார்வையிட வேண்டும். ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். குழுவின் செயல்பாட்டிலேயே குறை என்றால் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உணவு கொடுங்கள், உடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். முகம் தெரியும் போட்டோவை ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போடாதீர்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். அந்தப் பிள்ளை நாளை அதே ஊரில் வேலை தேடப் போகிறது.

18 வயது ஆகும்போது

பிறந்தநாள் முடிந்த மறுநாள் கையில் பையோடு வெளியே அனுப்புவது சட்டத்தில் இல்லை. வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே அடுத்த திட்டத்தைத் தயாரித்துக் குழுவிடம் கொடுத்திருக்க வேண்டும். பிற்காப்பு 21 வயது வரை உண்டு. தேவை இருந்தால் 23 வரை நீட்டிக்கலாம். மாதம் 4,000 ரூபாய் இதிலும் கிடைக்கும். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள எவருமின்றி, அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இல்லத்திலோ பள்ளியிலோ வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்தச் சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே விண்ணப்பித்து வாங்குங்கள். கல்லூரிக் கலந்தாய்வு நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் கைக்கு வராது. டி.சி., மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்புக், குழுவின் உத்தரவு ஆகியவற்றின் அசல் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். நகல்தான் இல்லத்தில் இருக்கலாம்.