கால் ரெக்கார்டிங்: வெறும் "பதிவு"ன்னு எழுதினா பத்தாது

ஆபீஸ் போன் சாஃப்ட்வேர் ஒண்ணோட மெனுவை தமிழ்ல எழுதுற வேலை கொஞ்ச நாள் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன், அதாவது ஆபீஸ்ல ஒவ்வொருத்தருக்கும் இருக்குற உள் இணைப்பு, போய் சர்வர்ல ரெஜிஸ்டர் ஆகுறதுக்கு "பதிவு", யார் யாரை எப்ப கூப்பிட்டாங்கன்னு காட்டுற கால் லாக்குக்கு "அழைப்புப் பதிவு", பேசுனதை அப்படியே பிடிச்சு வைக்கிற ரெக்கார்டிங்குக்கும் "அழைப்புப் பதிவு"ன்னே எழுதி வச்சிருந்தேன். ஒரு மேனேஜர் டீம் லீடருக்கு லாக் மட்டும் தெரிஞ்சா போதும்னு நினைச்சு அதுல டிக் போட, திறந்துவிட்டது எல்லாரும் பேசுன ஆடியோவை. ரெண்டு நாள் கழிச்சுதான் கவனிச்சாங்க. அன்னைலேர்ந்து இந்த ஒரு சொல் என்னை விடல.

"ரெக்கார்ட்" லத்தீன்லேர்ந்து வந்த சொல். ரெக்கார்டாரி-ன்னா நினைவுகூர்றது. ரெ-ன்னா மறுபடி, கோர்-னா இதயம், அதாவது நெஞ்சுக்கு மறுபடி கொண்டுவர்றது. பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்குள்ள வந்து, அப்புறம் எழுதி வச்ச சாட்சி, ஆவணம்னு பொருள் மாறுச்சு. குரலைப் பிடிச்சு வைக்கிறதுங்கிற பொருள் 1877-ல எடிசன் போனோகிராஃப் செஞ்ச பிறகு வந்ததுதான்.

நம்ம "பதிவு" வேற பக்கத்துலேர்ந்து வருது. பதி-ன்னா அழுந்தித் தங்குறது. ஈர மண்ணுல கால் பதியுது, தங்கத்துல கல் பதிக்கிறோம், முத்திரை பதிக்கிறோம், ஒருத்தர் சொன்னது மனசுல பதிஞ்சுபோகுது. எடிசன் மெஷினும் செஞ்சது அதைத்தான், சுத்துற உருளை மேல வெள்ளீயத் தகடு, குரலோட அதிர்வுல ஊசி அதுல அழுந்தி தடம் போடும். அதனால ரெக்கார்டிங்குக்கு பதிவுங்கிற சொல் பொருத்தமா இல்லையான்னு கேட்டா, ரொம்பவே பொருத்தம். ஆனா பேர் சேர்க்குறது, பத்திரம் போடுறது, லாக் எழுதுறதுன்னு எல்லாத்துக்கும் அதையே போடுறோம்ல, சிக்கல் அங்கதான்.

அதனால நான் இப்ப பிரிச்சு எழுதுறேன். ரெக்கார்டிங் = ஒலிப்பதிவு. கால் லாக் = அழைப்பு விவரம். ரெஜிஸ்டர் ஆகுறது = இணைப்புப் பதிவு. ஒலிப்பதிவு புதுசா கண்டுபிடிச்ச சொல் இல்ல, ஸ்டுடியோக்காரங்க காலங்காலமா சொல்றதுதான், "ஒலி"ங்கிற ரெண்டு எழுத்து முன்னாடி வந்தவுடனே குரல் மாட்டிக்கப் போகுதுன்னு யாருக்கும் புரிஞ்சுடும். அழைப்பு விவரத்துல நம்பர், நேரம், எவ்வளவு நேரம் பேசுனாங்கங்கிறது இருக்கும், ஒலிப்பதிவுல ஒருத்தரோட நோய், கடன், கோபம், அழுகை எல்லாமே இருக்கும். ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்கக்கூடாது.

அடுத்து "ப்ரைவசி". இதுவும் லத்தீன்தான், ப்ரிவாட்டுஸ், பொதுக் காரியத்துலேர்ந்து விலகி தனக்குன்னு இருக்குறது. தமிழ்ல சிலர் "தனிமை"ன்னு போடுறாங்க, அது ஆளில்லாம இருக்குறது, இங்க ஒட்டாது. "அந்தரங்கம்" சமஸ்கிருதச் சொல், உள்ளுக்குள்ள இருக்குறதுன்னு பொருள், ஆனா ஏதோ மறைக்க வேண்டிய சமாச்சாரம் மாதிரி ஒரு வாடை அடிக்குது. "தனியுரிமை"தான் எனக்கு சரியாப் படுது, ஏன்னா உள்ளேயே உரிமை இருக்கு, மறைக்க ஒண்ணுமே இல்லாதவருக்கும் அது உண்டு.

இந்தச் சொல்லெல்லாம் நிஜமா உரசுற இடம் ஈமெயில் செட்டிங். குரலஞ்சல் (வாய்ஸ்மெயில்) வந்தா அதோட ஆடியோவை மெயில்ல ஒட்டி அனுப்புற வசதி அநேகமா எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கு, அஸ்டெரிஸ்க்ங்கிற ஆபீஸ் போன் சாஃப்ட்வேர்ல அதுக்கு "அட்டாச்"னு ஒரு ஆப்ஷன், அனுப்பிட்டு சர்வர்லேர்ந்து அழிக்க "டிலீட்"னு இன்னொரு ஆப்ஷன். டிலீட் ஆன்ல இருந்தா பாதுகாப்புன்னு பலர் நினைக்கிறாங்க, ஆனா சர்வர்ல அழிஞ்சது மெயில்பாக்ஸ்ல உட்கார்ந்திருக்கு, போன்ல இறங்கியிருக்கு, யாருக்கோ ஃபார்வர்டும் ஆகியிருக்கலாம், அங்கெல்லாம் நம்ம கை எட்டாது. முழு அழைப்போட ஒலிப்பதிவை மெயில்ல அனுப்புறது அதைவிட மோசம், சாதாரண வேவ் (WAV) ஆடியோ ஃபைல் நிமிஷத்துக்கு சுமார் 1 எம்பி, மெயில்ல போறப்ப அது இன்னும் மூணுல ஒரு பங்கு பெருசாகும், அதனால ஜிமெயிலோட 25 எம்பி வரம்புக்கு 20 நிமிஷப் பேச்சே முட்டிடும். லாகின் பண்ணித்தான் கேக்க முடியுற லிங்க் அனுப்புங்க, யார் எப்ப கேட்டாங்கன்னு குறிப்பும் இருக்கும். இன்னொண்ணு, ஃபைல் பேர்லயே கூப்பிட்டவர் நம்பரும் தேதியும் இருக்குறது வழக்கம், ஆடியோவைத் திறக்காமலே பாதி விஷயம் வெளிய போயிடும்.

மொழிபெயர்க்க எனக்குக் கஷ்டமா இருந்தது, ஃப்ரீபிபிஎக்ஸ்ங்கிற ஆபீஸ் போன் சாஃப்ட்வேர்ல அழைப்பை ஒலிப்பதிவு செய்யணுமா வேண்டாமான்னு தேர்ந்தெடுக்க வர்ற அஞ்சு சொல்: ஃபோர்ஸ், யெஸ், டோன்ட் கேர், நோ, நெவர். நோ-வையும் நெவரையும் "வேண்டாம்"னே எழுதிட்டா தப்பாயிடும். நோ போட்டாலும் அழைப்பு வந்த வழியில முன்னாடியே யெஸ் இருந்தா ஒலிப்பதிவு ஓடிக்கிட்டே இருக்கும், நெவர் போட்டாத்தான் அந்த இடத்துல நிக்கும். நான் "வேண்டாம்", "கண்டிப்பா கூடாது"ன்னு வச்சேன். டோன்ட் கேருக்கு "அலட்சியம்"னு யாரோ போட்டிருந்தாங்க, "ஏற்கெனவே உள்ளபடி"ன்னா புரியும்.

ஒலிப்பதிவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற பாஸ் (pause) பட்டனை "இடைநிறுத்து"ன்னு தெளிவா எழுதணும், கார்டு நம்பர் வாங்குற இடத்துல அது ரொம்ப முக்கியம், பிசிஐங்கிற கார்டு பாதுகாப்பு விதிப்படி கார்டுக்குப் பின்னாடி இருக்குற 3 இலக்கத்தை பணம் ஒப்புதல் ஆன பிறகு எங்கயும் வச்சிருக்கக் கூடாது, ஆடியோல கூட.

கடைசியா "கன்சென்ட்", அதாவது ஒலிப்பதிவு செய்ய பேசுறவங்க தர்ற அனுமதி. சம்மதம், ஒப்புதல் ரெண்டும் புழக்கத்துல இருக்கு, எனக்கு "இசைவு" பிடிக்கும். சில இடத்துல பேசுறவங்கள்ல ஒருத்தர் இசைவு போதும், கலிபோர்னியா மாதிரி இடத்துல ரகசியமான பேச்சுன்னா எல்லாரோட இசைவும் வேணும். நாம கேக்குற அறிவிப்போ "தரத்திற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்"னு போகும். படலாம்னா என்ன, யார் செய்றாங்க, எதைப் பதிவு செய்றாங்க? நான் எழுதிக் குடுத்தது இது: "நீங்க பேசுறதை நாங்க ஒலிப்பதிவு செய்றோம், 90 நாள்ல அழிச்சிடுவோம், வேண்டாம்னா 2-ஐ அழுத்துங்க."