இரண்டு சாய்வுகள்: பருவம், பிறை, கிரகணம்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிப் பனி விலகாத அந்த நாட்களில்தான், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அப்போது இரண்டுக்கும் இடையிலான தொலைவு சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் அது 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டராகிவிடுகிறது. பூமி சூரியனை நெருங்கினால் கோடை, விலகினால் குளிர் என்று பலரும் இன்றும் நம்புகிற விளக்கம் இந்த ஒரு செய்தியிலேயே அடிபட்டுப் போகிறது. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் பெரிய அளவாகத் தோன்றினாலும் மொத்தத் தொலைவில் அது மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அதனால் பூமிக்குக் கிடைக்கும் சூரிய ஆற்றலில் ஏற்படும் வேறுபாடு ஏழு விழுக்காடு அளவில்தான். அதுவும் தவிர, தொலைவுதான் காரணம் என்றால் ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலும் நமக்குள்ள பருவமே இருக்க வேண்டும். அங்கோ அப்போது கடுங்கோடை.

பருவங்களை உண்டாக்குவது பூமியின் அச்சுச் சாய்வு. பூமி சூரியனைச் சுற்றிவரும் தளத்துக்குச் செங்குத்தாக அதன் அச்சு நிற்பதில்லை, 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடு ஆண்டு முழுவதும் ஒரே திசையை, துருவ நட்சத்திரத்தின் பக்கத்தை, நோக்கியபடியே பூமி சூரியனை வலம் வருகிறது. ஆகவே ஜூன் மாதத்தில் வட அரைக்கோளம் சூரியனின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். டிசம்பரில் அதே சாய்வு அதைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய்விடும். சாய்ந்திருக்கும் பக்கத்தில் நண்பகல் சூரியன் உயரமாக ஏறுகிறது, பகலும் நீள்கிறது. இலண்டனில் ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 62 பாகை உயரத்தில் நிற்கும், பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். டிசம்பர் 21 அன்று அந்த உயரம் 15 பாகைதான், பகலும் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே அளவு ஒளி, தாழ்ந்து சாய்வாக விழும்போது அகன்ற நிலப்பரப்பில் பரவி வலுவிழக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஏன் அத்தனை வேறுபாடு என்பது விளங்கும்.

தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே கதை சற்று வேறு. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் இலண்டனில் ஒருநாளும் நடக்காத ஒன்று இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது: சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 24ஆம் தேதியையும் ஆகஸ்ட் 18ஆம் தேதியையும் ஒட்டி, நண்பகல் பன்னிரண்டு மணி தாண்டிய சில நிமிடங்களில், சென்னையில் மொட்டைமாடியில் செங்குத்தாக நட்டுவைத்த குச்சியின் நிழல் குச்சிக்கு அடியிலேயே மறைந்துவிடும். கன்னியாகுமரியில் இதே நிழலில்லா நாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. இதற்குப் பின் மே மாதம் முழுவதும் சூரியன் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும். நிலம் வாரக்கணக்கில் வெப்பத்தைச் சேர்த்துவைத்திருக்கும். அக்னி நட்சத்திரம் மே மாதத்தில் வருவதன் பின்னணி இதுவே. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றும் அதன் மேகங்களும் வந்த பிறகே வெயில் மெல்லத் தணிகிறது.

தை முதல் நாளில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவதாகச் சொல்கிறோம். வானில் அந்தத் திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதியிலேயே நடந்துவிடுகிறது. பூமியின் அச்சு மிக மெதுவாக, ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, தன் திசையை மாற்றிவருவதும், நம் மாதங்கள் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டவை என்பதும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒரே நாளில் வந்தன.

நிலவின் பிறைகளுக்கு எந்தச் சாய்வும் தேவையில்லை. பூமியின் நிழலும் தேவையில்லை. தேய்பிறையில் நிலவின் மீது பூமியின் நிழல் விழுகிறது என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. நிலவின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் நாளுக்கு நாள் மாறுகிறது. வளர்பிறை அட்டமியன்று மாலை நான்கு மணியளவில் மேற்கே சூரியனும் கிழக்குப் பக்கத்து வானில் பாதி நிலவும் சேர்ந்தே தெரியும். வெயில் படும் இடத்தில் நின்று, ஓர் எலுமிச்சம்பழத்தை அந்த நிலவுக்கு அருகே வருமாறு கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பழத்தில் வெயில் பட்ட பகுதியும் படாத பகுதியும் நிலவில் இருப்பதைப் போலவே, அதே வடிவில், அதே சாய்வில் பிரிந்திருக்கும். பள்ளிகளில் படம் வரைந்து விளக்குவதைவிட இதை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே வானில் உள்ள கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகைகளாகப் பகுத்ததே திதி. கோணம் சுழியானால் அமாவாசை, 180 பாகையானால் பௌர்ணமி. நிலவு பூமியைச் சுற்ற 27.3 நாட்களே ஆகின்றன. ஆனால் அதற்குள் பூமியும் தன் பாதையில் நகர்ந்துவிடுவதால், சூரியனை மீண்டும் எட்டிப் பிடிக்க நிலவுக்கு இன்னும் இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் தேவைப்படுகிறது. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாட்கள் ஆவது இதனால்தான். மாசி, பங்குனியில் தெரியும் மூன்றாம் பிறை நம் ஊரில் ஏறக்குறையப் படுக்கைவசமாகக் கிடப்பதையும் கவனித்திருப்பீர்கள். நம் அகலாங்கில் சூரியன் நேர்கீழாக இறங்கி மறைவதால் ஒளி நிலவின் அடிப்பக்கத்தில் படுகிறது. அந்தப் பிறைக்குள் மங்கலாகத் தெரியும் முழு வட்டம், பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி.

இனி இரண்டாவது சாய்வு. ஒவ்வோர் அமாவாசையிலும் நிலவு சூரியனின் பக்கம்தான் இருக்கிறது, ஒவ்வொரு பௌர்ணமியிலும் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. அப்படியானால் மாதம் இரண்டு கிரகணங்கள் ஏன் நிகழ்வதில்லை? நிலவின் சுற்றுப்பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்திலிருந்து சுமார் 5.1 பாகை சாய்ந்திருக்கிறது. சிறிய கோணம்தான்; ஆனால் 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் அது நிலவை அந்தத் தளத்துக்கு மேலாகவோ கீழாகவோ 34,000 கிலோமீட்டர் வரை விலக்கிவிடுகிறது. பூமியின் விட்டமே 12,742 கிலோமீட்டர்தான் என்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழல் பூமியைத் தொடாமலே கடந்துபோகிறது. நிலவு அந்தத் தளத்தை வெட்டிச் செல்லும் இரண்டு புள்ளிகளே இந்திய வானியலில் ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ இப்புள்ளிகளை ஒட்டி நேரும்போதுதான் கிரகணம் நிகழும். அத்தகைய காலம் 173 நாட்களுக்கு ஒருமுறை வந்து, ஐந்து வாரங்கள் போல நீடிக்கிறது. கிரகணங்கள் பதினைந்து நாள் இடைவெளியில் இணையாக வருவதும் இதனாலேயே. 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுவதும் நிலவின் முழுக் கிரகணம் தெரிந்தது. அதன் இணையான செப்டம்பர் 21 சூரிய கிரகணம் நமக்குத் தெரியவில்லை, நியூசிலாந்துப் பக்கம் பகுதி கிரகணமாகத் தெரிந்தது.

சூரியனின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போல 400 மடங்கு. தொலைவும் ஏறக்குறைய அதே மடங்கு. ஆகவே வானில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. ஆனால் இரு தொலைவுகளும் மாறிக்கொண்டே இருப்பதால், நிலவு சில சமயம் சூரியனை முழுவதும் மறைக்கிறது, சில சமயம் விளிம்பை விட்டுவைக்கிறது. 2010 ஜனவரி 15, தை அமாவாசையன்று தனுஷ்கோடியில் கண்ட வளையச் சூரிய கிரகணம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து பன்னிரண்டே நாட்கள் ஆகியிருந்தன. நிலவு பூமியிலிருந்து மிகத் தொலைவான இடத்தை அடைய இரண்டே நாட்கள் இருந்தன. சூரியன் சற்றுப் பெரிதாகவும் நிலவு சற்றுச் சிறிதாகவும் தெரிந்த அந்த நண்பகலில், நெருப்பு வளையம் தனுஷ்கோடியில் பத்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. இந்தியப் பெருங்கடலில் அதன் உச்ச அளவு 11 நிமிடம் 8 நொடி. இந்த ஆயிரமாண்டில் இதைவிட நீண்ட வளையக் கிரகணம் கிடையாது. இத்தகைய நேரங்களில் மரத்தடியைப் பார்க்க வேண்டும்: இலைகளின் இடுக்குகள் ஊசித்துளைகளாகி, தரையில் விழும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் வளையமாக மாறியிருக்கும். சூரியனை நேராகப் பார்க்க அதற்கென்று தயாரான வடிகட்டிக் கண்ணாடி கட்டாயம் தேவை. கறுப்புக் கண்ணாடியோ எக்ஸ்ரே படலமோ கண்ணைக் காக்காது.

நிலவு கிரகணம் இவ்வளவு அருமையான காட்சி அல்ல என்று சிலர் கருதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலவு இருக்கும் தொலைவில் பூமியின் கருநிழல் சுமார் 9,200 கிலோமீட்டர் அகலம், அதாவது நிலவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால் நிலவு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதற்குள் மூழ்கியிருக்க முடிகிறது. இரவாக இருக்கும் பாதி உலகமும் அதைக் காண முடிகிறது. அப்போது நிலவு செம்புநிறம் கொள்வதற்குக் காரணம் நம் காற்றுமண்டலம். அது நீல ஒளியைச் சிதறடித்துவிட்டு, சிவந்த ஒளியை மட்டும் வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது.

கிரகணம் நிழலால் நிகழ்வது என்பதை கி.பி. 499ஐச் சேர்ந்த, ஆரியபடர் எழுதிய வானியல் நூலான ஆரியபடீயம் தெளிவாகவே சொல்கிறது. கணிப்பு முறையோ தென்னாட்டில் மனப்பாடமாகவே வாழ்ந்தது. நிலவு 248 நாட்களில் தன் அண்மை, சேய்மைச் சுழற்சியை ஒன்பது முறை முடிக்கும் என்பதால், ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 248 வாக்கியங்களில் அதன் இருப்பிடத்தைப் பொதிந்துவைத்தார்கள். 1825 மே 31 இரவில் நிகழ்ந்த நிலவு கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே கணித்துக் காட்டியதை, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம். முடிவு நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏட்டையோ கருவியையோ தொடாமல் எட்டிய இந்தத் துல்லியம் என்னை வியக்க வைக்கிறது.

தென் தமிழகமும் கேரளமும் வட இலங்கையும் அடுத்த வளையச் சூரிய கிரகணத்தை 2031 மே 21 அன்று காணும். மே மாதத்தில் பூமி சூரியனிலிருந்து சராசரியைவிடத் தள்ளியே இருக்கும்; ஆகவே அன்று வளையம் தோன்றுவதற்கு நிலவின் தொலைவுதான் முழுக் காரணம்.