அனிமேஷன் படிக்க ஆசைப்படும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பையன் அனிமேஷன்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். சென்டர்ல லட்சக்கணக்குல கேக்குறாங்க. சேர்த்து விடலாமா?" சென்னையில் அனிமேட்டராக வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களின் ஷோரீல்களை, அதாவது தாங்கள் செய்த வேலைகளைத் தொகுத்து அனுப்பும் சிறு வீடியோக்களைப் பார்த்து ஆள் எடுக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உடனே சேர்க்க வேண்டாம். நாலைந்து மாதம் வீட்டிலேயே, செலவில்லாமல் பழகட்டும். அதற்கப்புறமும் ஆர்வம் குறையவில்லை என்றால் பணம் கட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

பழகுவதற்கான மென்பொருளுக்குப் பைசா செலவில்லை. முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், கையால் வரையும் அனிமேஷனுக்கு கிரிட்டா அல்லது ஓபன்டூன்ஸ். மூன்றுமே சட்டப்படி இலவசம். இலவசம் என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய மென்பொருளில் இருந்து வந்ததுதான் ஓபன்டூன்ஸ். 2016-இல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் உருவானது. இவ்வளவு இருக்கும்போது கிராக் செய்த மென்பொருளைத் தேடி டவுன்லோடு செய்வது வீண் ஆபத்து. அதோடு சேர்ந்து வரும் வைரஸ் உங்கள் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் பதம் பார்த்துவிடும்.

சரி, எதைப் பழகுவது? பல இடங்களில் எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்றுதான் மாதக்கணக்கில் சொல்லித்தருகிறார்கள். பட்டன்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து ரீல் பார்க்கும் எங்களுக்கு வேண்டியது அசைவு. அந்தப் பொருளுக்குக் கனம் இருக்கிறதா? அந்த ஆள் உண்மையிலேயே தரையில் கால் ஊன்றி நடக்கிறாரா, வழுக்கிக்கொண்டு போகிறாரா? முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிடும்.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். இந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். பத்து மீட்டர் உயரப் பனையிலிருந்து ஒரு பனம்பழம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொட ஏறத்தாழ 1.4 நொடி, அதாவது 34 ஃபிரேம் ஆகும். முதல் 12 ஃபிரேமில் அது சுமார் 1.2 மீட்டர்தான் இறங்கியிருக்கும். கடைசி 12 ஃபிரேமில் மரத்தின் பாதி உயரத்துக்கும் மேல் கடந்துவிடும். மேலே நெருக்கமாகவும் கீழே வரவர இடைவெளி விட்டும் பழத்தின் இடத்தைக் குறித்துப் பாருங்கள். இதைத்தான் நாங்கள் ஸ்பேசிங் என்கிறோம்.

இதை பிளெண்டரில் செய்யும்போது எல்லோரும் ஓரிடத்தில் இடறுவார்கள். மேலே ஒரு கீஃபிரேம் (பொருளின் இடத்தை நாம் குறித்துவைக்கும் ஃபிரேம்), தரையில் ஒரு கீஃபிரேம் வைத்து ஓட்டினால், பழம் தரைக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்து பஞ்சு மாதிரி உட்காரும். காரணம், பிளெண்டர் தானாகவே இரண்டு முனைகளிலும் அசைவை மெதுவாக்கி வைக்கிறது. அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரையில் முடியும் புள்ளியின் கைப்பிடியை (கோட்டை வளைக்கும் சிறு குச்சியை) சரிவாக்குங்கள். கோடு தட்டையாகாமல், கூர்மையான சரிவாகத் தரையில் வந்து மோத வேண்டும். அதன்பின் ஓட்டிப் பார்த்தால் பழம் 'தொப்' என்று விழும். கிராஃப் எடிட்டரைக் கண்டு பயப்படாமல் இந்த ஒரு வளைவைப் புரிந்துகொண்டவருக்கு மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். இதற்கு ஒரு வாரம் செலவானாலும் தகும்.

அடுத்தது மனித உடல். டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் அனிமேஷனின் 12 கோட்பாடுகளை எழுதி வைத்தார்கள். உலகம் முழுக்க இன்றும் அதுதான் பாடம். அவற்றில் பாதியையாவது நம் கரையில் ஒரே ஒரு வீச்சுவலை வீச்சில் பார்த்துவிடலாம். வலையை வீசுகிறவர் உடனே கையை நீட்டிவிடுவதில்லை. இடுப்பை எதிர்ப்பக்கம் திருப்பி, எடையைப் பின்காலில் ஏற்றுகிறார், அது ஆன்டிசிபேஷன். பிறகு இடுப்பு முதலில் திரும்பும், அதற்குப் பின்னால் தோள், அதற்கும் பின்னால் கை. எல்லாம் ஒரே ஃபிரேமில் தொடங்காது. வலை கையை விட்டுப் போனதும் விளிம்பிலுள்ள ஈயக்குண்டுகள் வெளிப்பக்கம் இழுக்க, நடுப்பகுதி பின்தங்கி வர, வலை வட்டமாக விரியும். அதுதான் ஓவர்லாப். வலை தண்ணீரைத் தொடும் நேரத்தில் ஆள் ஓரடி முன்னால் வைத்துத் தடுமாறாமல் நிற்கிறாரே, அது ஃபாலோ த்ரூ.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எங்காவது ஊன்றி வையுங்கள். வீட்டுக்கு வந்து வி.எல்.சி. பிளேயரில் அதைத் திறந்து 'ஈ' விசையை அழுத்தினால் வீடியோ ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். இடுப்பு எந்த ஃபிரேமில் திரும்பியது, கை எந்த ஃபிரேமில் கிளம்பியது என்று நோட்டில் எழுதுங்கள். பின்பு குச்சி மனிதனை வைத்தே அதை வரைந்து பாருங்கள். முகமும் சட்டையும் அப்புறம் வரட்டும்.

இயந்திர அசைவு பழக பாம்பன் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, அது பயன்பாட்டில் இருந்தபோது, இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது. பார்க்கக் கதவுக் கீல் மாதிரி தெரிந்தாலும், அது உருண்டு பின்வாங்கிக்கொண்டேதான் எழுந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். இரண்டையும் எளிய பெட்டிகளால் செய்து பாருங்கள். சுழலும் புள்ளியை எங்கே வைப்பது என்ற ரிக்கிங்கின் (உருவத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு மாதிரி அமைப்பதன்) முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் அனுப்பிய ரீலை இன்னும் மறக்கவில்லை. நங்கூரம் போட்ட நாட்டுப்படகு ஒன்று, அவ்வளவுதான். அலை வரும்போது முன்பக்கம் எழும். சற்றுத் தாமதமாகப் பின்பக்கம். கயிறு விறைத்து, தளர்ந்து, மறுபடி விறைக்கும். வடகடலின் சின்ன அலைக்கு ஒரு ஷாட், தென்கடலில் சோழகக் காற்று (தெற்கத்திக் காற்று) அடிக்கும்போது ஒரு ஷாட். டிராகன்களும் ரோபோக்களும் நிறைந்த ரீல்களுக்கு நடுவே அந்தப் படகு தனியாகத் தெரிந்தது. உடனே நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டோம்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். பிளெண்டர் ஓட 8 ஜி.பி. ராம் குறைந்தபட்சம்; 16 இருந்தால் நிம்மதி. தொடக்கத்திலேயே கடன் வாங்கி கேமிங் லேப்டாப் வாங்காதீர்கள். கடலை ஒட்டிய வீடு என்றால் உப்புக்காற்று லேப்டாப்பின் விசிறியையும் யூ.எஸ்.பி. துளைகளையும் அரிக்கும். வேலை முடிந்ததும் உறையில் போட்டு மூடி வையுங்கள். இன்னொன்று, நம் ஊர் மழைக்காலத்துக்கு மிக முக்கியம்: ரெண்டர் செய்யும்போது, அதாவது செய்த காட்சியைக் கம்ப்யூட்டர் இறுதிப் படங்களாக உருவாக்கும்போது, நேராக வீடியோ கோப்பாக எடுக்காமல் பி.என்.ஜி. படங்களாக எடுங்கள். பத்து நொடிக் காட்சி என்றால் 240 படம். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் பிடித்தால் மொத்தம் 20 மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் வீடியோ கோப்பு கெட்டுப்போகும். படங்களாக இருந்தால், நின்ற எண்ணிலிருந்து தொடரலாம்.

இனி பெற்றோர் கவனிக்க வேண்டியது. "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று சொல்லும் எந்தப் பயிற்சி மையத்தையும் நம்பாதீர்கள். இந்தத் தொழிலில் அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது. நல்ல அனுபவசாலிகளே வேலை இழந்த காலங்களைப் பார்த்திருக்கிறேன். சேர்வதற்கு முன் பாடம் நடத்துபவரின் சொந்த ரீலைக் கேளுங்கள். போன ஆண்டு மாணவர்களின் ரீலையும் கேளுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். "மாதத் தவணைதான், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டும் தாள் பல நேரம் தனியார் கடன் நிறுவனத்தின் ஒப்பந்தம். மையம் பாதியில் மூடினாலும் அந்தக் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும். முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை, முதலில் டெபாசிட் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

பட்டம்தான் வேண்டும் என்றால், தரமணியிலுள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் மையங்களுக்குப் போகும் முன் அங்கே விசாரியுங்கள்.

கடைசியாக ஷோரீல். ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நன்றாக வந்த ஷாட்டை முதலில் வையுங்கள், சுமாரானதை எடுத்துவிடுங்கள். டுடோரியலைப் பார்த்து அப்படியே செய்ததைப் போடாதீர்கள். பிளெண்டர் பழகுகிறவர்கள் டுடோரியல் பார்த்துச் செய்யும் அதே டோனட்டை நாங்கள் எல்லோர் ரீலிலும் பார்க்கிறோம். வேறொருவர் செய்த ரிக்கைப் பயன்படுத்தினால் அவர் பெயரைப் போடுங்கள், அதில் குறையொன்றும் இல்லை. உங்கள் பெயர், போன் நம்பர், எந்த வேலை நீங்கள் செய்தது என்ற விவரம் தொடக்கத்திலும் முடிவிலும் வரட்டும். அனுப்பும் இணைப்பு கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறதா என்று வேறொருவர் போனில் ஒருமுறை சோதித்துவிட்டு அனுப்புங்கள்.