இரண்டு புள்ளிக்குள் என்ன இருக்கிறது?

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்கு இந்த வாக்குவாதம் தெரிந்திருக்கும். ஏழு கிணறுகள், சின்னச் சின்னச் சதுரமாக, அருகருகே. ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் வேறு. எது அதிகம் சுடுகிறது என்று வாளியோடு நிற்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கிணற்றைக் காட்டுவார்கள். ஒரு சுற்றுக் குளித்துவிட்டு வந்த பிறகு அதே ஆளிடம் கேட்டால், முதலில் காட்டியதை விட்டு வேறொன்றைக் காட்டவும் கூடும். மிகச் சூடான நீரில் தோய்ந்த கைக்கு அடுத்த கிணறு பச்சைத்தண்ணீர் போலத் தெரியும்.

ஒரு வெப்பமானி இருந்தால் இந்தச் சண்டை தீரும். யார் வைத்தாலும், எத்தனை தரம் வைத்தாலும், ஒரே நீருக்கு ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். இப்படித் திரும்பத் திரும்ப அளந்தாலும் முடிவு நிலையாக நிற்பதை அளவீட்டுத் துறையில் நம்பகம் என்கிறார்கள். சரி, அதே வெப்பமானியைக் காட்டி, "இந்தக் கிணறுதான் மூட்டுவலியை மாற்றும்" என்று ஒருவர் சொன்னால்? அளவு சரியானது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுக்குத்தான் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி, தகுதி பற்றிய கேள்வி.

இந்த இரண்டையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அக்காவின் தொலைபேசி அழைப்பு. இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் மகளின் முடிவு வந்திருந்தது. தெரிவாவதற்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியைத்தான் வெட்டுப்புள்ளி என்பார்கள். "ரெண்டே ரெண்டு புள்ளி தம்பி. வெட்டுப்புள்ளிக்கு ரெண்டு குறைவு. ஒரு வருஷமா ரியூசன் எண்டு ஓடின பிள்ளை, அறைக்குள்ள போய்ப் படுத்திட்டுது." அந்த இரண்டு புள்ளி உண்மையில் எதை அளந்தது என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்து உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார். நாம் காணும் புள்ளியில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று அந்த ஆளின் உண்மைப் புள்ளி. மற்றது வழு, அதாவது அளக்கும்போது சேரும் பிழை. பரீட்சையன்று காய்ச்சல், யன்னலோரப் புழுக்கம், தெரியாத வினாவுக்கு ஊகித்துப் போட்ட புள்ளடி, முதல் நாள் இரவு தற்செயலாகப் படித்த பக்கத்திலிருந்தே வந்த கேள்வி, எல்லாம் வழுவுக்குள் அடங்கும். உண்மைப் புள்ளியை யாரும் நேரே பார்க்க முடியாது. அதே பிள்ளைக்கு எண்ணற்ற தடவை பரீட்சை வைத்து, ஒவ்வொரு தடவையும் பழையதை மறக்கச் செய்து, சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் அது.

அப்படி மறக்கச் செய்ய வழியில்லை. ஒரே வினாத்தாளை இரண்டு கிழமை கழித்துத் திரும்பக் கொடுத்தால் பிள்ளைகள் விடைகளை ஞாபகம் வைத்திருப்பார்கள். அதனால் ஆய்வாளர்கள் ஒரு கெட்டித்தனமான வழி கண்டார்கள். பரீட்சை ஒரு தரம்தான் நடக்கும். திருத்தும்போது ஒற்றை எண் வினாக்களுக்கு ஒரு புள்ளி, இரட்டை எண் வினாக்களுக்கு ஒரு புள்ளி என்று பிரித்துக் கூட்டுவார்கள். ஒரு பாதியில் மேலே நின்ற பிள்ளைகள் மறு பாதியிலும் மேலே நிற்கிறார்களா என்று பார்ப்பார்கள். இந்த ஒற்றுமையைச் சொல்லும் இணைபுக் குணகம் (1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தொடர்பே இல்லை) 0.6 என்று வைத்துக்கொள்வோம். இது பாதி வினாத்தாளின் நம்பகம். முழு வினாத்தாளுக்கு 0.75 ஆகிவிடும். 1910இல் ஸ்பியர்மனும் வில்லியம் பிரௌனும் தனித்தனியே கண்டுபிடித்த சூத்திரம் இந்தக் கணக்கைத் தருகிறது. வினாக்கள் கூடக் கூட, தற்செயலான வழுக்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஐந்து வினாவில் ஒரு பிள்ளையை எடைபோடக் கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். பிறகு 1951இல் அமெரிக்க உளவியலாளர் லீ குரோன்பாக், எப்படிப் பாதியாக்கினாலும் வரக்கூடிய முடிவுகளின் சராசரி போல ஒரு நம்பக எண்ணைப் பிரபலப்படுத்தினார். இன்று ஆய்வுக் கட்டுரைகளில் ஆல்பா என்று வருவது அதுதான்.

கட்டுரை வினாக்களில் இன்னொரு வழு சேர்கிறது: திருத்துபவர். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1913இல் ஒரே கேத்திரகணித விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த புள்ளிகள் நூற்றுக்கு 30க்கும் கீழிருந்து 90க்கும் மேல் வரை பரந்திருந்தன. அதுவும் கணிதத்தில்! இன்று பெரிய பரீட்சைகளில் படிக்குப் படி புள்ளித்திட்டம் எழுதி, திருத்துபவர்களைக் கூட்டி வைத்துப் பழக்குவது இதற்காகத்தான்.

இப்போது அக்காவின் மகளுக்கு வருவோம். மொத்தம் 200 புள்ளி. ஒரு பேச்சுக்கு, நம்பகம் 0.91, பிள்ளைகளின் புள்ளிகளுடைய நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) 30 என்று வைத்துக்கொள்வோம். 0.91 மிக நல்ல நம்பகம். ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3, அதை 30ஆல் பெருக்கினால் 9. இந்த 9 தான் அளவீட்டின் நியம வழு. அதே பிள்ளைக்கு அதே தரத்தில் வேறு வினாத்தாள் கொடுத்தால் புள்ளி மேலோ கீழோ ஒன்பது அசைவது வெகு சாதாரணம். இரண்டு பிள்ளைகளை ஒப்பிடும்போது இருவரின் வழுவும் சேர்வதால் அது ஏறத்தாழ 13 ஆகிறது. இவ்வளவு நல்ல வினாத்தாளுக்கே இந்த நிலை. அதில் இரண்டு புள்ளி எந்த மூலைக்கு? வெட்டுப்புள்ளிக்கு இரண்டு மேலே நின்ற பிள்ளைக்கும் இரண்டு கீழே நின்ற பிள்ளைக்கும் வித்தியாசம் இருப்பதாக அந்தப் பரீட்சையால் சொல்ல முடியாது. இடங்கள் குறைவு, கோடு எங்கேயோ போட்டாக வேண்டும், அது புரிகிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பிள்ளையின் மூளைக்குள் இருக்கும் கோடாக ஊரே எண்ணுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம்பகம் உயர்ந்திருந்தாலும் தகுதி கிடைத்துவிடாது. தமிழ் வாசிப்பைச் சோதிக்க ஒரு பந்தி கொடுக்கிறோம், அது தேர்த் திருவிழாவைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் வளரும் பிள்ளைக்கு வடம், சப்பறம் எல்லாம் வீட்டுச் சொற்கள். அதே அளவு நன்றாக வாசிக்கும், முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவின் பிள்ளை அந்தச் சொற்களில் தடுக்கி நிற்கும். நோன்புப் பெருநாளைப் பற்றிய பந்தி என்றால் நிலைமை தலைகீழ். இதைப் பிடிக்க ஒரு முறை உண்டு. மொத்தப் புள்ளி சமமாக உள்ள பிள்ளைகளை இரு பக்கத்திலிருந்தும் எடுத்து, ஒவ்வொரு வினாவாகப் பார்ப்பார்கள். திறமை சமமாக இருந்தும் ஒரு பக்கத்துப் பிள்ளைகளே ஒரு வினாவைத் தொடர்ந்து சரியாகச் செய்தால், அந்த வினா வாசிப்பை விட்டு வேறெதையோ அளக்கிறது.

இதைக் கவனிக்காமல் விட்டதற்கு முதலாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கப் படைச் சோதனை பெரிய உதாரணம். பதினேழு இலட்சம் பேர் வரை சோதிக்கப்பட்டார்கள். நுண்ணறிவை அளப்பதாகச் சொன்ன வினாத்தாளில் கிரிஸ்கோ என்பது என்ன என்றொரு கேள்வி. அது அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. கப்பலிலிருந்து நேற்று இறங்கியவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் பிறகு சில குடியேறிகளைப் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று வாதிட்டார்கள்.

உளவியல் வினாக்கொத்துகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. மனச்சோர்வைக் கண்டறிய, "நீங்கள் அதிகம் யோசிக்கிறீர்களா?" என்று கேட்டால், சென்னையில் அது சிந்தனையைப் பற்றிய கேள்வி. நம்மூரில் "அவ ஒரே யோசனை" என்றால் கவலை என்று பொருள். ஒரே தமிழ், ஒரே சொல், அளப்பதோ வேறு. அதனால் ஒரு மொழியிலிருந்து வந்த வினாக்கொத்தை வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்கே திருப்பி எழுதவைத்து ஒப்பிடுகிறார்கள். பிறகு இந்த ஊர் ஆட்களிடம் கொடுத்து, மருத்துவர் நேரில் கண்டதோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள். மனச்சோர்வு, நுண்ணறிவு போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு ஒரே ஒரு சான்று போதாது, பல திசைச் சான்றுகள் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்று 1955இல் குரோன்பாக்கும் மீல் என்ற உளவியலாளரும் எழுதினார்கள். இன்றைய நிலைப்பாடு அதிலிருந்து வளர்ந்தது. தகுதி என்பது வினாத்தாளில் ஒட்டியிருக்கும் குணமாகக் கொள்ளப்படுவதில்லை. புள்ளிக்கு நாம் கொடுக்கும் பொருளுக்கும், அதை வைத்துச் செய்யும் காரியத்துக்கும் உரியது அது.

புலமைப்பரிசில் பரீட்சைக்குக் காரியங்கள் இரண்டு: வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம், பிரபல பாடசாலையில் இடம். இரண்டுக்கும் தனித்தனியே சான்று வேண்டும். பத்து வயதுப் புள்ளி, பள்ளிப்படிப்பின் கடைசியில் வரும் உயர்தரப் பரீட்சை வரை வழிகாட்டுகிறதா என்று பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. தெரிவானவர்களை மட்டும் பின்தொடர்ந்தால், எல்லோரும் மேல் புள்ளிக்காரர்கள் என்பதால் இணைபு உண்மையை விடக் குறைவாகத் தெரியும். தெரிவாகாதவர்களோ வேறு பாடசாலை, வேறு வசதி. புள்ளி சொன்னது பலித்ததா, கிடைத்த வசதி பலித்ததா என்று பிரித்தெடுப்பது கஷ்டம்.

ஒரு தாளில் 9, 13 எல்லாம் எழுதி அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். மகள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப மீள்பரிசீலனைக்குப் போட்டா இது சரிவருமா?" என்று அக்கா கேட்டாள். கூட்டலில் பிழை இருந்தால், திருத்தாமல் விட்ட விடை இருந்தால் சரிவரும். போட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றேன். அன்றைக்கு எந்த வினா வந்தது, அன்றைக்குப் பிள்ளைக்கு உடம்பு எப்படி என்பதால் வந்த வழு விடைத்தாளில் தெரியாது. அதைத் திருத்த யாரிடமும் விண்ணப்பிக்க முடியாது. அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்து மகளின் கையில் கொடுத்தாள்.