ஃபில்லி: தமிழில் இளம்பெட்டை

குதிரைப் பந்தயத்தில் ஃபில்லி என்பது நான்கு வயது வரையிலான பெண் குதிரை. ஐந்து வயதாகிவிட்டால் அது மேர். ஐரோப்பாவில் இந்த வயதைப் பிறந்தநாள் பார்த்துக் கணக்கிடுவதில்லை. ஜனவரி 1 அன்று எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஒரு வயது கூடிவிடும்.

பழைய நார்ஸ் மொழியின் ஃபில்யா என்ற சொல்லே ஆங்கிலத்தில் இப்படி ஆனது என்பார்கள். குதிரைக் கன்றைக் குறிக்கும் ஃபோல் என்ற சொல்லும் இதற்கு உறவுதான். துடுக்கான இளம்பெண்ணையும் ஒரு காலத்தில் ஃபில்லி என்றார்கள்.

நம் அகராதிகளில் பெரும்பாலும் 'பெண் குதிரைக்குட்டி' என்று பொருள் போட்டிருக்கும். பந்தயச் செய்திக்கு இது துளியும் பொருந்தாது. கின்ச்செம் என்ற ஹங்கேரியப் பந்தயக் குதிரையின் கதை தெரிந்தவர்கள் அதைக் குட்டி என்று எழுதக் கூசுவார்கள்.

கின்ச்செம் 1874 மார்ச் 17 அன்று ஹங்கேரியின் கிஷ்பேர் குதிரைப் பண்ணையில் பிறந்தது. பெயருக்கு ஹங்கேரிய மொழியில் 'என் செல்வம்' என்று பொருள். நாம் பிள்ளைகளைக் கொஞ்சுவது போலத்தான். உரிமையாளர் எர்னோ பிளாஸ்கோவிச், பயிற்சியாளர் ராபர்ட் ஹெஸ்ப் என்ற ஆங்கிலேயர். 1876 முதல் 1879 வரை 54 பந்தயங்களில் ஓடி 54லும் வென்றது. இரண்டு வயதில் 10, மூன்றில் 17, நான்கில் 15, ஐந்தில் 12. ஆக, 42 வெற்றிகள் ஃபில்லியாக வந்தவை. கடைசி 12 மட்டுமே மேராக.

ஃபில்லிப் பருவத்தின் கடைசி ஆண்டான 1878ஐப் பாருங்கள். ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்து வரை போய், இரண்டரை மைலுக்கும் நீளமான குட்வுட் கோப்பையை வென்றது. அதே மாதம் பிரான்சில் தோவில் பந்தயம். அடுத்து ஜெர்மனியின் பாடன் பெரும்பரிசு. அங்கே பிரின்ஸ் கைல்ஸ் என்ற குதிரையோடு சரிசமமாக எல்லையைத் தொட்டது. முடிவு காண அன்றே இரண்டையும் மறுபடி ஓடவிட்டார்கள். கின்ச்செம் தெளிவாக முந்தியது. பாடனில் அது தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றிருக்கிறது.

ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் பிளாஸ்கோவிச் அதன் கடிவாளத்தில் பூச்செருகுவாராம். ஒருநாள் அவர் வரத் தாமதமாக, பூ வரும்வரை சேணத்தைக் கழற்ற விடாமல் முரண்டு பிடித்ததாம். ரயிலிலும் கப்பலிலும் கூடவே ஒரு பூனை வரும். பூனை இல்லாமல் பெட்டியில் ஏறாது என்றும் சொல்வார்கள். 1887இல், சரியாகப் பதின்மூன்றாம் பிறந்தநாளன்று இறந்தது. எலும்புக்கூடு புடாபெஸ்ட் வேளாண் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தொல்காப்பிய மரபியலில் வழி இருக்கிறது. "ஒட்டகம் குதிரை கழுதை மரைஇவை பெட்டை என்னும் பெயர்க்கொடைக்கு உரிய" என்கிறது ஒரு நூற்பா. குதிரையின் இளமைப் பெயராக மரபியல் சொல்வதோ 'கன்று'. யானை, கழுதை, கடமை, ஆ ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்கிறது. எனவே ஃபோல் என்பதற்குக் குதிரைக்கன்று, மேர் என்பதற்குப் பெட்டைக்குதிரை, ஃபில்லிக்கு இளம்பெட்டை. 'பொட்டை' என்று வசையாகத் திரிந்ததால் சிலர் இந்தச் சொல்லைத் தொடவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெட்டை என்றால் இன்றும் சிறுமிதான், இளம்பெண்தான்.

ஆண் குதிரையைச் சேவல் என்பதையும் மரபியல் ஏற்கிறது. ஆனால் இன்று சேவல் என்றால் கோழிதான் நினைவுக்கு வரும். ஃபில்லிக்கு ஆண் இணையான கோல்ட் (colt) என்பதை இளம் ஆண்குதிரை என்றே எழுதிவிடலாம்.

ரேஸ் பார்த்துப் பழகியவர்கள் பேச்சில் ஃபில்லி என்றே சொல்லட்டும், தவறில்லை. எழுத்தில் வயது வேறுபாடு தெரிய வேண்டும், ஏனென்றால் பந்தய விதிகளே அதில் நிற்கின்றன. இங்கிலாந்தில் 1779இல் தொடங்கிய ஓக்ஸ், மூன்று வயது இளம்பெட்டைகளுக்கு மட்டுமான பந்தயம். மூன்று வயதுக் குதிரைகளின் பெரும் பந்தயமான டெர்பியில் இளம்பெட்டைகளும் ஓடலாம். சுமக்கும் எடையில் அவற்றுக்குச் சலுகையும் உண்டு. கின்ச்செம்மின் மகள் புடாஜ்யோஞ்ஜெ 1885இல் ஜெர்மன் டெர்பியை வென்றது அப்படித்தான், இளம் ஆண்குதிரைகளை முந்தி.